தரைதட்டிய நம்பரும் தேசம்மாவின் முடியும்

இப்போது ரத்தம் எடுக்க வரும் பிள்ளைகள் கையில் ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். அதைத் தோல்மேல் பிடித்தால் உள்ளே இருக்கும் நரம்பு கோடு கோடாகத் தெரிகிறது. நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வருவதற்கு முன்னால், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் அந்த விளக்கு நான்தான். குண்டுக் கையோ குச்சிக் கையோ, விரலால் ஒரு தடவு தடவினால் போதும், நரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இரண்டாவது குத்து என்பது என்னிடம் அபூர்வம். 'ஒத்தக்குத்து கோதண்டம்' என்று பெயர். அந்தப் பெயரை நானே வைத்துக்கொண்டதாகச் சிலர் சொல்வார்கள். அவர்களும் காய்ச்சல் வந்தால் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

ஆய்வகத் தொழிலாளர் மலருக்கு அனுபவம் எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்க வந்த பெண், "விளக்கு வந்துடுச்சே சார், இனிமே உங்கள மாதிரி ஆளுங்க எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் படிப்பு எட்டாவதோடு முடிந்தது. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓர் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவச் சேர்ந்தேன். கழுவுவதிலிருந்து துடைப்பதற்கும், துடைப்பதிலிருந்து ஊசி எடுத்துக் கொடுப்பதற்கும், அங்கிருந்து ஊசி போடுவதற்கும் நானாகவே ஏறி வந்தேன். யாரும் கையைப் பிடித்து ஏற்றிவிடவில்லை. பிறகு சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதையும் வாங்கினேன். கடைசியில் எனக்கென்று ரத்தம் சேகரிக்கும் நிலையம், வண்டி, வேலைக்கு ஆள் எல்லாம் வந்தது. திருப்போரூரில் மாடி வைத்து வீடு கட்டியிருக்கிறேன். போகிறவர்கள் பார்க்கலாம்.

நான் எடுத்த ரத்தத்தையெல்லாம் சோதித்தவர் டாக்டர் நூர்ஜஹான். கடற்கரைப் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பெண். நோயியல் படித்துவிட்டு வந்து செங்கல்பட்டு ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்றார். என்னைவிட வயதில் சிறியவர். ஆனால் அவர் முன்னால் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம்பரை ஒரு தரம் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். கவிழ்த்து வைத்தபடியே கேள்வி கேட்பார். எந்தக் கையில் எடுத்தீங்க? எடுத்த உடனே பெட்டியில் வைத்தீங்களா, உறைய விட்டீங்களா? அந்த அம்மா என்ன மாத்திரை சாப்பிடுறாங்க? பதில் திருப்தியாக இருந்தால்தான் காகிதம் நிமிரும். இல்லையென்றால் "இன்னொரு தடவை எடுத்துட்டு வாங்க கோதண்டம்" என்பார். அவ்வளவுதான். வாதாடிப் பயனில்லை. நான் வாதாடிப் பார்த்திருக்கிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்கு எடுக்கும் டியூமர் மார்க்கர் பரிசோதனையில் மட்டும் அவர் இன்னும் கறார். சிஏ பதினைந்து மூன்று என்று அதற்குப் பெயர். புற்றுநோய் அணுக்கள் ரத்தத்தில் விடுகிற ஒரு பொருளை அளப்பது. ஊரில் அதை 'கேன்சர் டெஸ்ட்' என்றே சொல்வார்கள். அணுபுரம் குடியிருப்பில் ஓய்வு பெற்ற இன்ஜினீயர் ஒருவர், நோய் எதுவும் இல்லாத மனைவியை அழைத்துக்கொண்டு வந்து மாதாமாதம் அதை எடுக்கச் சொன்னார். டாக்டரம்மா எடுக்கவே விடவில்லை.

"சார், இது தீ புடிச்சிருக்கான்னு பாக்கற கருவி இல்ல. புடிச்ச தீ மருந்துக்கு அடங்குதான்னு பாக்கறது. அம்மாவுக்கு ஒண்ணும் இல்லாமலே இது ஏறும், நோய் இருந்தும் ஏறாம இருக்கும். மேமோகிராம் எடுங்க, அது போதும்."

இன்ஜினீயர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். ஆனால் மேமோகிராம் எடுத்தார். அதற்கப்புறம் வருஷா வருஷம் மாம்பழம் கொண்டுவந்து தருவார்.

எடுக்கும் முறையையும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்கு மேல் ஆள் கிடையாது. எந்த மார்பில் அறுவை நடந்ததோ, அந்தப் பக்கத்துக் கையைத் தொடக் கூடாது. அக்குளில் நெறிக்கட்டியை எடுத்திருப்பார்கள். அந்தக் கையில் பட்டை கட்டி ஊசி குத்தினால் வீங்கிக்கொள்ளும். மிச்சம் இருப்பது ஒரே கை. அந்த ஒரு கையிலும் மாதக்கணக்கில் கீமோ மருந்து ஏறியிருக்கும். நரம்பு காய்ந்த கயிறு மாதிரி இறுகிப்போயிருக்கும், தொட்டால் நழுவும். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து கையில் சுற்றிக் கொஞ்ச நேரம் விடவேண்டும். அந்த அம்மாவிடம் ஊர்க்கதை பேசவேண்டும். பயந்தால் நரம்பு உள்ளே போய்விடும். பட்டையை இறுக்கமாகவும் கட்டக் கூடாது, ரொம்ப நேரம் கட்டியபடியும் விடக் கூடாது. சின்ன ஊசியை நரம்போடு படுக்கவைத்து நுழைக்கவேண்டும். மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் தானாக இறங்கவேண்டும். இழுக்கக் கூடாது, குலுக்கக் கூடாது, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தவேண்டும். நிறுத்திவைத்து உறைய விட்டபிறகுதான் ஐஸ் பெட்டி. ஈசிஆர் ரோட்டு வேகத்தடைகளில் என் வண்டி கல்யாணப் பெண் ஏறிய கார் மாதிரிப் போகும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டுவான். திட்டட்டும்.

இத்தனையும் சரியாகச் செய்த ஒரு ரத்தம்தான் ஒருமுறை எங்கள் எல்லோரையும் ஆட்டிவைத்தது.

திருப்போரூருக்கு மேற்கே ஏரியை ஒட்டிய ஊரில் தேசம்மா என்று ஓர் அம்மா. பயிர் வைக்கிற குடும்பம். கணவர் ஏழுமலை நிலத்தை விட்டுவிட்டு மனைத் தரகராகிவிட்டார். தேசம்மாவுக்கு மார்பில் வந்தது எலும்புக்கும் போயிருந்தது. அறுவை, கீமோ எல்லாம் முடிந்து, தினமும் சாப்பிடும் மாத்திரையில் வைத்திருந்தார்கள். அந்த மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் மார்க்கர். எப்போதும் ஒரே ஆய்வகம், ஒரே மெஷின், எடுப்பது நான். நம்பர் இருநூற்றுக்கு மேலிருந்து படிப்படியாக இறங்கிக்கொண்டு வந்தது. ஏழுமலைக்கு அதில் ஒரே குஷி.

"அண்ணாத்த, என் தொழில்ல ரேட்டு ஏறணும், இவ தொழில்ல ரேட்டு எறங்கணும். ரெண்டும் நடந்துகினு கீது" என்பார்.

"ஆமா, எனக்கு இதான் தொழிலு" என்று தேசம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். "கைய நீட்றதும் மாத்திர முழுங்கறதும். முட்டி வலி உசிரு போவுது, உடம்பெல்லாம் குப்புன்னு எரியுது. நீ முழுங்கிப் பாரு ஒரு நாளு."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மாதம் நம்பர் தரைதட்டிவிட்டது. நோயே வராதவர்களுக்கு இருப்பதைவிடக் குறைவு. ஆய்வகத்தில் புதிதாக வைத்த கம்ப்யூட்டர், டாக்டரம்மா காகிதத்தைக் கவிழ்ப்பதற்கு முன்பே ஏழுமலை போனுக்கு நம்பரை அனுப்பிவிட்டது. அன்று சாயங்காலமே எனக்கு இனிப்பு வந்தது.

"நோவு பூடுச்சி அண்ணாத்த! அந்த எழவு மாத்திரய நிறுத்திட்டேன். பாவம், எத்தினி நாளு அவ வலில துடிப்பா? ஆடிக் கிருத்திகைக்கு திருப்போரூர் முருகன் கோயில்ல இவளுக்கு முடியிறக்கி, ஊருக்கே சோறு போடப்போறோம். நீ குடும்பத்தோட வந்துடணும்."

நானும் வாயில் இனிப்பைப் போட்டுக்கொண்டுதான் ஆய்வகத்துக்குப் போனேன். டாக்டரம்மா மேசையில் காகிதம் கவிழ்ந்திருந்தது.

"இன்னொரு தடவ மெஷின்ல போட்டேன், அதேதான் வருது. மெஷின்ல கோளாறு இல்ல. ஆனா கோதண்டம், களைப்பா இருக்குன்னு தைராய்டும் பாக்கச் சொல்லியிருந்தாங்க. அதுல டிஎஸ்ஹெச்சும் தரையில கிடக்கு, அப்படின்னா தைராய்டு அதிகமா சுரக்குதுன்னு அர்த்தம். அந்த அளவுக்கு இருந்தா கை நடுங்கணும், நெஞ்சு படபடன்னு அடிக்கணும். நேத்து அவங்க எப்படி இருந்தாங்க?"

"கல்லு மாதிரி இருந்தாங்கம்மா. வீட்டுக்காரரத் திட்டிகினு இருந்தாங்க."

"முடி, நகம் வளர்றதுக்கு ஏதாவது விட்டமின் சாப்பிடுறாங்களா?"

"கேட்டேனே. டாக்டர் குடுத்தது தவிர எதுவும் இல்லன்னாங்க."

அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "செங்கல்பட்டுலருந்து எலெக்ட்ரிக் டிரெயின் கிளம்புறப்ப ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிப்பாங்க இல்ல? நம்ம மெஷின்ல அந்த மார்க்கர் வந்து உக்காரணும், உக்காந்தத எண்ணித்தான் நம்பர் வரும். முடி மாத்திரைல இருக்கற பயோட்டின் ரத்தத்துல நிறைய இருந்தா, சீட்டு பூரா துண்டு போட்டு வெச்சிடும். ஆளு பிளாட்பாரத்துல கூட்டமா நிப்பாங்க. மெஷினுக்கு டிரெயின் காலியாத் தெரியும்."

ரத்தம் எடுக்கும் வேலையில் தலை நரைத்து, முடியே போன காலத்தில்தான் இதைத் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் டிரெயின் கதையைத்தான் சொல்கிறேன்.

"இது என் சந்தேகம்தான்" என்றார் டாக்டரம்மா. "புற்றுநோய் டாக்டர்கிட்ட பேசிட்டேன். அவரும் மாத்திரைய ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதுங்கறார். போன்ல ஏழுமலைகிட்ட சொன்னா, நம்பர நீங்கதானே அனுப்பிச்சீங்கன்னு கேக்கறார். நான் கேட்டா அவங்க வாயே திறக்க மாட்டாங்க. நீங்க போங்க."

நான் போனேன். இதைத்தான் விளக்கால் செய்யமுடியாது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஏழுமலை பந்தல்காரரைப் பார்க்கப் போயிருந்தார். தேசம்மா வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலையில் துணி இல்லை. கீமோவில் வழுக்கையான தலையில் கறுகறுவென்று முடி முளைத்திருந்தது. நேரே கேட்டால் இல்லை என்பார் என்று எனக்குத் தெரியும். என் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, உன் தலையும் என் தலையும் போன வருஷம் ஒரே மாதிரி இருந்துச்சு. இப்ப உன்னுது நாத்தங்கால் மாதிரி கீது, என்னுது இன்னும் ஏரி மாதிரியே கீது. ரகசியத்த சொல்லேன், நானும் பொழச்சிக்கிறேன்."

அவருக்கு வந்த சிரிப்பில் கடலை முறம் சாய்ந்துவிட்டது. "இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்கு அண்ணாத்த முடி? பொண்ணு பாக்கப் போறியா?"

"எம் பொண்டாட்டி சும்மா கிண்டல் பண்ணிகினு கீறா. ஒரு மாத்திர குடு."

சிரித்துக்கொண்டே உள்ளே போய், அரிசி டிரம்முக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்துவந்தார். டப்பாமேல் கூந்தலை விரித்துக்கொண்டு ஒரு பெண் படம். "என் நாத்தனா பொண்ணு பியூட்டி பார்லர் வெச்சிகினு கீது. அது குடுத்துச்சு. ஒண்ணு போதும்னுச்சு. நான் காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு போட்டுக்கறேன். அவருகிட்ட சொல்லிடாத."

"நான் ரத்தம் எடுக்க வந்த அன்னிக்கும் போட்டியா?"

"வெறும் வயித்துல இருக்கச் சொன்னே. மாத்திர இன்னா சோறா?"

நான் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். டிரெயினையும் துண்டையும் சொன்னேன். நம்பர் பொய்யாக இருக்கலாம், நோய் இன்னும் இருக்கலாம், நிறுத்திய மாத்திரையைத் திரும்பச் சாப்பிடவேண்டும், முடி மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் தரவேண்டும் என்று சொன்னேன்.

அவர் முகம் சின்னதாகிவிட்டது. ஆனால் பயந்தது நோய்க்கு இல்லை.

"முடியாது அண்ணாத்த. ஆடிக் கிருத்திகை வந்துடுச்சு. நோவு தெரிஞ்ச அன்னிக்கே, என்னைக் காப்பாத்து, என் முடிய குடுக்கறேன்னு முருகன்கிட்ட வேண்டிகினேன். இடுப்புக்குக் கீழ வரைக்கும் இருந்த முடி. கோயிலுக்குப் போறதுக்குள்ள கீமோ போட்டு எல்லாம் கொட்டிப்போச்சு. ஆஸ்பத்திரி குப்பக்கூடைல போன முடிய சாமிக்குக் குடுத்ததா சொல்ல முடியுமா? ஏமாத்துனா மாதிரி ஆவாதா? அதான் வளத்துகினு கீறேன். இந்தத் துளியூண்டு முடிய வெச்சிகினு நான் எப்படிப் போயி நிப்பேன்?"

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. இதற்கு டாக்டரம்மாவிடம் பதில் இருக்காது. ஆனால் திருப்போரூரில் வீடு கட்டியவன் நான். முருகன் எனக்குப் பக்கத்துத் தெருக்காரர்.

"தேசம்மா, நீ சாமிகிட்ட முடி தரேன்னு வேண்டிகினியா, இடுப்பளவு முடி தரேன்னு வேண்டிகினியா?"

யோசித்தார். "முடின்னுதான் சொன்னேன்."

"அப்பறம் இன்னா? இது முடி இல்லியா?"

தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நம்பரு ஏறிடுச்சின்னா அண்ணாத்த?"

"ஏறுனா ஏறட்டும். நெஜமான நம்பருக்குத்தான் டாக்டரு வைத்தியம் பண்ண முடியும்."

எழுந்து போய், ஏழுமலை அலமாரி மேல் போட்டுவைத்திருந்த பழைய மாத்திரை அட்டையை எட்டி எடுத்தார். என் எதிரிலேயே ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கூந்தல்காரி டப்பாவை என் கையில் திணித்தார். "எடுத்துகினு போ. வூட்ல இருந்தா கை போவும்."

ஏழுமலைதான் சண்டைக்கு வந்தார். மறுநாள் நேராக ஆய்வகத்துக்கு வந்து டாக்டரம்மா முன்னால் போனைக் காட்டினார். "நீங்க அனுப்புன நம்பர நீங்களே பொய்யின்றீங்க. நாளைக்கு வரப்போற நம்பர மட்டும் எப்படி நம்பறது?"

டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். "நியாயமான கேள்விதான். எங்க கம்ப்யூட்டர் முந்திக்கிட்டு அனுப்பியிருக்கக் கூடாது. இந்தத் தடவ நம்பர் போனுக்கு வராது. நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்க. உங்க முன்னாடி வெச்சு சொல்றேன்."

ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கப் போனேன். அன்றைக்கு என் பெயரும் பணயத்தில் இருந்தது. தேசம்மா பயத்தில் இருந்ததால் நரம்பு உள்ளே போய்விட்டது. முழங்கை மடிப்பில் கிடைக்கவில்லை. புறங்கையில் கிடைக்கவில்லை. வெந்நீர்த் துண்டை இரண்டு முறை மாற்றினேன். ஏழுமலை எதிரில் நின்று, "ஒத்தக்குத்து இன்னிக்கு மாட்டிகிச்சு" என்றார். நான் மணிக்கட்டுக்கு மேலே, கட்டைவிரல் பக்கமாகத் தடவினேன். ஒரு மெல்லிய நரம்பு, விரலுக்கு அடியில் லேசாக மேலே வந்து அமுங்கியது. ஊசியைப் படுக்கவைத்து நுழைத்தேன். ரத்தம் இறங்கியது. ஒரே குத்து. ஏழுமலை தானே முன்வந்து பஞ்சை எடுத்து நீட்டினார். எனக்கு அதுவே போதும்.

ரிப்போர்ட் நாளில் நாங்கள் மூவரும் டாக்டரம்மா அறையில் இருந்தோம். காகிதம் கவிழ்ந்திருந்தது. அவர் தன் வழக்கப்படி கேள்வியை ஆரம்பித்தார். முடி மாத்திரை? நிறுத்தியாச்சு. நோய்க்கான மாத்திரை? சாப்பிடுறேன். எந்தக் கை? நான் சொன்னேன். பிறகு காகிதத்தை நிமிர்த்தினார். பக்கத்தில் பழைய நம்பர்களையெல்லாம் புள்ளியாக வைத்துக் கோடு இழுத்திருந்தார். தரைதட்டிய புள்ளியை அடித்துவிட்டு, புதுப் புள்ளியை வைத்தார். அது அதற்கு முந்தைய மாதப் புள்ளிக்குச் சற்றே கீழே, அதே சரிவில் உட்கார்ந்தது.

"தைராய்டும் ஒழுங்கா இருக்கு. இதுதான் உங்க நம்பர். எறங்கிக்கிட்டேதான் இருக்கு. மருந்து வேலை செய்யுது."

"அப்ப நோவு போவலியா?" என்றார் ஏழுமலை.

"போகல. அடங்கிக்கிட்டு வருது. மாத்திரைய நிறுத்தாத வரைக்கும் அடங்கும்னு எதிர்பார்க்கலாம். முட்டி வலிக்கு வழி இருக்கு, உங்க டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். தேசம்மாதான் அவர் தோளில் தட்டினார். "எழுந்திருய்யா. ரேட்டு எறங்கினுதான கீதுன்றாங்க. ஒரே நாள்ல எல்லா மனையும் வித்துட்டியா நீ?" டாக்டரம்மா சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு. அன்று சிரித்தார்.

கம்ப்யூட்டர் நம்பர் அனுப்பும் முறையையும் அந்த வாரமே மாற்றினார்கள். மார்க்கர் நம்பர் டாக்டரம்மா கையெழுத்துக்குப் பிறகுதான் வெளியே போகும். முடி மாத்திரை கேள்வியும் எல்லா இடத்திலும் முதல் கேள்வியாயிற்று. கேட்பதற்கு முன் தொப்பியைக் கழற்றுவது மட்டும் என் சொந்த முறை. வழுக்கை இல்லாத பிள்ளைகள் வேறு வழி பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு போனேன். கோயிலில் காவடிக் கூட்டம். முடியிறக்கும் கொட்டகையில் வரிசை நீளமாக இருந்தது. ஏழுமலை ஊருக்குச் சோறு போடுவதை விடவில்லை. "பத்திரிகை வெச்சாச்சு, இனிமே நோவு கீதுன்னு எவன் பந்திய நிறுத்தறது?" என்று ஓடிக்கொண்டிருந்தார். தேசம்மா முறை வந்தது. முடியிறக்குகிறவர் தலையில் தண்ணீர் தெளித்துத் தடவிவிட்டு நிறுத்தினார்.

"இன்னாம்மா, இத்துணூண்டு கீது? ஒரு வருஷம் போயி வந்திருந்தீன்னா ஜம்முனு வளந்திருக்கும்ல?"

தேசம்மா தலையைக் குனிந்து கொடுத்தார்.

"நீ எறக்குய்யா. அடுத்த வருஷம் வளந்தத எடுத்துகினு அடுத்த வருஷம் வரேன்."